மறுபடியும் சேர்த்துக்கொள்வீர்களா

ஆறு பேருக்குக் கடிதம் போட்டோம்.
ஒருவர் பதிலே போடவில்லை.
ஒருவர் குஞ்சப்பனை வரை வந்து
வளைவில் இரண்டு முறை வாந்தியெடுத்து
அங்கிருந்தே போனில் நன்றி சொல்லி
இறங்கிப் போனார்.

மீதி நால்வர் கோத்தகிரி வந்து சேர்ந்தபோது
ஆஸ்பத்திரி வாசலில் மூன்று காட்டெருமைகள்.
வாட்ச்மேன் பெள்ளி
அவற்றிடமும் டாக்டர்களிடமும்
ஒரே குரலில்தான் சொன்னார்:
கொஞ்சம் இருங்க.

மேசைக்கு இந்தப் பக்கம்
சூப்பரின்டெண்டன்ட் தேவசகாயம்,
கணக்கர் ஹாலன்,
மேட்ரன் என்ற முறையில் நான்.
எனக்கு அரை ஓட்டு.
நான்கு வருடத்தில் ஏழு டாக்டர்களுக்கு
வழியனுப்பும் கேக் வாங்கி வந்தவள்
என்பதால் கிடைத்த அரை.

எல்லாரிடமும் ஒரே கேள்வி:
ராத்திரி இரண்டு மணி.
பிரசவம் ஆகிவிட்டது, ரத்தம் நிற்கவில்லை.
மேட்டுப்பாளையம் ரோட்டில் மரம்,
குன்னூர் ரோட்டில் மண்சரிவு.
என்ன செய்வீர்கள்?

முதலாமவர் மருந்துகளை வரிசை தப்பாமல் சொல்லிவிட்டு
"அப்புறம் ரெஃபர் பண்ணிடுவேன்" என்றார்.
"எந்த ரோட்டுல?" என்றார் ஹாலன்.
கணக்கர்தான். ஆனால் வீடு அரவேணுவில்.

இரண்டாமவர் ராணுவத்தில் இருந்தவர்,
அறுவை சிகிச்சை, முப்பது வருடம்.
டீ வந்தது.
கோப்பை தட்டில் கிடுகிடுத்தது.
நாங்கள் பார்த்தோம். அவரும் பார்த்தார்.
"குளிர்" என்றார்.
குளிர்தான் என்றோம்.
கோப்பையை வைத்துவிட்டுக்
கையை மேசைக்கு அடியில் கொண்டுபோனார்,
நேர்காணல் முடியும்வரை
அது வெளியே வரவில்லை.

மூன்றாமவர் சம்பளம் கேட்டார். சொன்னோம்.
சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

நான்காவது செண்பகவல்லி, கோவில்பட்டி.
பஸ் ஸ்டாண்டில் வாங்கிய ஸ்வெட்டர்,
கழுத்தோரம் விலைச்சீட்டு.
கேள்வியைக் கேட்டு முடித்ததும்
பதில் சொல்லாமல் அவள் கேட்டாள்:
"ரத்தம் எத்தனை யூனிட் இருக்கும்?
லேப் ஆள் ராத்திரி எங்கே தூங்குவார்?"
எங்கே தூங்குவார் என்று
எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

அப்புறம் ஃபைலில் ஒரு பள்ளம்.
பதினோரு மாதம் எங்கும் வேலை இல்லை.
"அப்போது என்னம்மா செய்தீர்கள்?"
"சும்மா இருந்தேன் சார்."
இன்னும் ஏதாவது வரும் என்று தேவசகாயம் காத்திருந்தார்.
தகரக் கூரையில் மழைதான் வந்தது.
ஓரத்தில் "சும்மா" என்று எழுதினார்,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்,
அதை அடித்தார்.

போகும்முன் அவள் கேட்டாள்:
"ஏழு பேர் ஏன் போனாங்க?"
நாங்கள் மூவரும் ஏதோ சொன்னோம்.
பள்ளிக்கூடம், பனி, மாமியார், மேற்படிப்பு.
சொல்லச் சொல்ல
எங்கள் ஃபைலிலும் பள்ளங்கள்.

சாயந்திரம் அவளுடைய பழைய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன்.
பெரிய டாக்டரே எடுத்தார்.
நல்ல பெண் என்றார். நல்ல கை என்றார்.
என் கேள்வி முடியும் முன்பே
நல்ல, நல்ல என்றார்.
கடைசியாக ஒன்று, சார்:
மறுபடியும் உங்களிடமே வந்தால்
சேர்த்துக்கொள்வீர்களா?

சத்தம் இல்லை.

டவரில் கரண்ட் போனதா,
அவரிடமிருந்து ஏதோ போனதா,
ஹலோ ஹலோ என்றேன்.
ஜன்னலுக்கு வெளியே மேகம்
டீத்தோட்டத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது.
திரும்பப் போட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியே.
எல்லைக்கு வெளியே இருந்தது யார்,
அவரா, நானா.

படிவத்தில் இரண்டு கட்டம்:
ஆம். இல்லை.

நாளைக்கு மறுபடி கேட்கலாம்.
ஆனால் நாளைக்கு அவர் யோசித்து வைத்திருப்பார்.

ஏழு மணிக்கு ஹாலன் வந்து
என்ன போடட்டும் என்றார்.
இரண்டாம் நம்பர் குவார்ட்டர்ஸில்
கீசர் ஓடுகிறதா என்று கேட்டேன்.
ஒரு வருடமாக ஓடவில்லை என்றார்.
ஆள் கூப்பிடுங்கள் என்றேன்.